பெரியாஸ்பத்திரி திருப்பி அனுப்பிய பிறகு

கேள்வி: தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் ஒரு கடலோர ஊரில் 14 வருடமாக கிளினிக் வைத்திருக்கிறேன். எம்.பி.பி.எஸ். மட்டும்தான். மதுரையில் 'இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லி அனுப்புகிறவர்கள் கடைசியில் என் கிளினிக்குக்குத்தான் வருகிறார்கள். இப்போது மூன்று பேர். கன்னப் புற்றுநோய் முற்றி, மூக்குக் குழாய் வழியே கஞ்சி குடிக்கும் 58 வயது மீனவர். டிராமடால் நாலு வேளை கொடுத்தும் இரவு முழுக்க வலி, புண்ணில் நாற்றம். டயாலிசிஸ் போதும் என்று மூன்று நாள் முன்பு நிறுத்திவிட்ட 74 வயது அம்மா. காலமெல்லாம் கரிமூட்டம் போட்டு நுரையீரல் கெட்டுப்போன 67 வயதுக்காரர். மார்பின் என்ற கடும் வலிக்கான மருந்தைக் கையாள எனக்கு அனுமதி இல்லை, பயமும் இருக்கிறது. வீட்டுக்காரர்கள் 'ஒரு பாட்டிலாவது ஏத்துங்க' என்று கெஞ்சுகிறார்கள். ராத்திரி மூச்சு வாங்கினால் 108ஐக் கூப்பிடுகிறார்கள். பாதி பேருக்கு வழியிலேயே முடிந்துவிடுகிறது. இவர்களை நான் எப்படிப் பார்ப்பது?

பதில்: டாக்டர், முதலில் அந்த அம்மா. இன்று மாலையே வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். சிறுநீர் அறவே வராதவர்களுக்கு டயாலிசிஸ் நின்றபின் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாள்தான். கொஞ்சமாவது போகிறதென்றால் சில வாரம் கிடைக்கலாம். மற்ற இருவருக்கும் திட்டமிட நாள் இருக்கிறது, இவருக்கு இல்லை.

போனதும் பார்க்க வேண்டியது: ஒரு நாளைக்கு எவ்வளவு சிறுநீர், கால் வீக்கம், படுத்தால் மூச்சுமுட்டல், அரிப்பு, வாந்தி. சிறுநீர் இருந்தால், அதைக் கூட்டும் ஃபுரோசமைட் தொடரட்டும். வலிக்குப் பாராசிட்டமால் 500 மி.கி. நாலு வேளை, போதவில்லை என்றால் டிராமடால் 50 மி.கி., பன்னிரண்டு மணிக்கு ஒன்று, அதற்கு மேல் வேண்டாம். டைக்ளோஃபெனாக் ஊசி போடாதீர்கள், மிச்சமிருக்கும் சிறுநீரையும் அது நிறுத்திவிடும். மார்பினும் இவருக்கு ஆகாது. மார்பின் உடைந்து உண்டாகும் பொருள்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அவை தேங்கினால் கைகால் வெட்டி வெட்டி இழுக்கும், பேச்சு குழறும், மூச்சு மந்தமாகும். அரிப்புக்கு காபாபென்டின் 100 மி.கி., ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில். குமட்டலுக்கு ஹாலோபெரிடால் 0.5 மி.கி. இரவு.

நம் பக்கத்தில் உடம்புக்கு முடியாதவர் என்றதும் சொந்தக்காரர்கள் இளநீர்க் குலையோடு வருவார்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். இந்த அம்மாவுக்கு டம்ளர் டம்ளராகக் கொடுத்தால் இதயம் சட்டென்று நின்றுபோகலாம். ஆசைப்பட்டால் ஒரு வாய் நனைக்கக் கொடுக்கலாம், தப்பில்லை. 'தூக்கத்திலேயே போயிடவும் வாய்ப்பிருக்கு' என்பதையும் பக்கத்தில் படுக்கும் மகளிடம் இன்றே சொல்லி வையுங்கள். காலையில் எழுந்து பார்த்து, தான் கவனிக்காமல் விட்டதாக அந்தப் பெண் பின்னால் தன்னையே நொந்துகொள்ளக் கூடாது.

பாட்டில் ஏற்றச் சொல்வார்கள். மூவரில் பாட்டிலால் அதிகம் கெடுதல் வருவது இவருக்குத்தான். வெளியேற வழியில்லாத தண்ணீர் நேராக நுரையீரலில் இறங்கும். கடைசி இரண்டு நாள் மூச்சுமுட்டலோடு கழியும். மற்ற இருவருக்கும்கூட உயிர் பிரியும் நாட்களில் சிறுநீரகமும் இதயமும் ஓய்ந்துகொண்டிருக்கும். ஏற்றுகிற திரவம் கால் வீக்கமாகவும் தொண்டைக் கபமாகவும்தான் மாறும். 500 மில்லி 5 சதவீத குளுக்கோஸில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. ஒரு டம்ளர் பாலில் உள்ள சத்துகூட அதில் இல்லை. இந்தக் கணக்கைச் சொன்னால் பலர் புரிந்துகொள்வார்கள். ஆனால் அந்தக் கெஞ்சலுக்குப் பின்னால் இருப்பது சத்தைப் பற்றிய கவலை மட்டுமல்ல. 'பட்டினி போட்டு அனுப்பிட்டோம்' என்ற பழி தங்கள் மேல் வந்துவிடக் கூடாது என்ற தவிப்பும் அதில் இருக்கிறது. ஆகவே வேண்டாம் என்று சொல்வதோடு நிறுத்தாமல், கைக்கு ஒரு வேலை கொடுங்கள். 'சாப்பாடு நின்னதால உசிரு போகல. உசிரு அடங்கிக்கிட்டு வர்றதால உடம்பு சாப்பாடு கேக்கல. இப்ப அவங்களுக்கு வாய் காயாம இருக்கணும். அதை நீங்கதான் செய்யணும்' என்று சொல்லி, வாய்ப் பராமரிப்பைக் காட்டிக்கொடுங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை, விரலில் சுற்றிய ஈரத் துணியால் ஈறு, நாக்கு, கன்ன உட்புறம் துடைக்க வேண்டும். ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நல்ல தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவும் கலந்தால் அதுதான் வாய் கழுவும் நீர். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய். நாக்கில் தயிர் படிந்தது போல வெள்ளை தெரிந்தால் அது பூஞ்சை. க்ளோட்ரிமசோல் வாய்ச் சொட்டு தடவச் சொல்லுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. இன்னும் வாரக்கணக்கில் வாழக்கூடிய மீனவருக்கு மூக்குக் குழாய் அடைத்துக்கொண்டு இரண்டு நாள் எதுவும் இறங்கவில்லை, தாகம் என்று கேட்கிறார் என்றால், தொடைத் தோலுக்கடியில் பட்டர்ஃப்ளை ஊசி வைத்து 500 மில்லி நார்மல் சலைன் இரவோடு இரவாக மெல்ல இறக்கலாம். நரம்பு தேடிக் குத்த வேண்டியதில்லை.

இனி மார்பின். நீங்கள் பயப்படுவதில் வியப்பில்லை. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டம் இரண்டு தலைமுறை மருத்துவர்களை மார்பின் பக்கமே போகாமல் செய்துவிட்டது. 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், ஃபென்டனில், மெத்தடோன் முதலான ஆறு மருந்துகள் 'அத்தியாவசிய போதை மருந்துகள்' என்று தனியாகப் பிரிக்கப்பட்டன. இப்போது ஒரு மருத்துவ நிறுவனம் மார்பின் வாங்கி வைத்துக் கொடுக்க, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் அங்கீகாரம் ஒன்றே போதும். வலி நிவாரணத்தில் பயிற்சி பெற்ற மருத்துவர் ஒருவர் அங்கே இருக்க வேண்டும். குணமாக்க முடியாத நோயிலும் வேதனையைத் தணிப்பதுதான் நோய்த்தணிப்பு; இந்திய நோய்த்தணிப்புச் சங்கம் நடத்தும் அடிப்படைச் சான்றிதழ் படிப்பு உங்களைப் போன்ற பொது மருத்துவர்களுக்காகவே உள்ளது. இந்த வருடமே சேருங்கள். அதுவரை, மார்பின் இருக்கும் இடத்தோடு ஒரு கயிறு கட்டிக்கொள்ளுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மதுரையில் மீனவருக்குப் புற்றுநோய் சிகிச்சை செய்த இடத்திலும் நீங்களே போனில் கேளுங்கள்: மாத்திரை கையிருப்பு இருக்கிறதா, எந்தக் கிழமை, எத்தனை நாளுக்குக் கொடுப்பார்கள், உறவினர் வந்தால் போதுமா. இது தெரியாமல் அனுப்பினால், அவர் மனைவி வேலையை விட்டு பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பி வருவார். அடுத்த முறை போகவே மாட்டார்.

மீனவருக்கான அளவு இது. அவர் இப்போது எடுக்கும் டிராமடால் 50 மி.கி. நாலு வேளை, அதாவது நாளுக்கு 200 மி.கி., வாய்வழி மார்பின் 20 மி.கி.க்குச் சமம். வலி அடங்கவில்லை. அதனால் டிராமடாலை நிறுத்திவிட்டு மார்பின் 5 மி.கி. நாலு மணிக்கு ஒருமுறை தொடங்கலாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று ஒரு கிரியாட்டினின் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். மாத்திரை 10 மி.கி. என்றால் அரை மாத்திரை: காலை 6, 10, மதியம் 2, மாலை 6. இரவு 10 மணிக்கு மட்டும் முழு மாத்திரை. நடுராத்திரி எழுப்ப வேண்டியதில்லை. மொத்தம் நாளுக்கு 30 மி.கி. இடையில் வலி வெடித்தால் நாள் அளவில் ஆறில் ஒரு பங்கு, அதாவது இன்னொரு அரை மாத்திரை. எத்தனை முறை அப்படித் தேவைப்பட்டது என்று காலண்டர் தாளில் கோடு போட்டு வைக்கச் சொல்லுங்கள். ஒரு நாளில் மூன்றுக்கு மேல் போனால் அடிப்படை அளவை மூன்றில் ஒரு பங்கு கூட்டுங்கள். சாதா மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் குழாயில் விடலாம். பின்னாலேயே 20 மில்லி தண்ணீர் விட்டுக் குழாயைக் கழுவ வேண்டும். நீண்ட நேரம் வேலை செய்யும் எஸ்.ஆர். மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. பன்னிரண்டு மணி நேர மருந்து ஒரே அடியாக இறங்கிவிடும்.

மார்பின் எழுதும் அதே சீட்டில் மலமிளக்கியும் இருக்க வேண்டும். குமட்டல் ஒரு வாரத்தில் பழகிவிடும் (அதுவரை மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி. மூன்று வேளை), தூக்கக் கலக்கம் மூன்று நாளில் தெளியும், மலச்சிக்கல் மட்டும் கடைசிவரை விடாது. 'வெளிக்கிப் போகல' என்பதற்காகவே மார்பினை நிறுத்திவிட்டு மறுபடி வலியில் துடிக்கிறவர்கள் ஏராளம். குழாய் வழி உண்கிறவருக்கு பிசகோடில் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள்; குடலில் கரைவதற்காகப் பூசிய மேல்பூச்சு போய்விடும், வயிற்றைப் பிசையும். லாக்டுலோஸ் 15 மில்லி இரு வேளை, மூன்று நாள் போகவில்லை என்றால் ஆசனவாய் மாத்திரை.

மார்பின் சாவைச் சீக்கிரம் கொண்டுவரும் என்ற பயம் வீட்டிலும் இருக்கும், உங்களிடமும் இருக்கும். வலிக்கேற்ப சிறிது சிறிதாகக் கூட்டிய அளவு மூச்சை நிறுத்தாது. மூச்சு மந்தமாவதற்கு முன்பே தூக்கம் அழுத்தும். எழுப்பினால் கண் விழிக்கிறார், மூச்சு நிமிடத்துக்கு 10க்கு மேல் என்றால் மார்பினை முறிக்கும் நலோக்சோன் ஊசியைத் தொடாதீர்கள். அடுத்த வேளையைத் தள்ளிப் போட்டால் போதும். எழுப்பியும் எழவில்லை, மூச்சு 8க்குக் கீழே, கண்மணி ஊசி முனையாகச் சுருங்கியிருக்கிறது என்றால் மட்டும் 0.4 மி.கி. ஆம்பூலை 10 மில்லியாக்கி அரை மில்லி அரை மில்லியாக, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, மூச்சு திரும்பும்வரை. முழு ஆம்பூலையும் ஒரேயடியாக ஏற்றினால் அடக்கி வைத்த வலி மொத்தமும் ஒரே நொடியில் திரும்பிவிடும். இது மருத்துவருக்கான கணக்கு; வீட்டிலிருந்து இதை வாசிக்கிறவர்கள் எந்த அளவையும் தாங்களாகத் தொடங்கவோ கூட்டவோ வேண்டாம்.

கன்னத்தில் சுரீர் சுரீர் என்று மின்சாரம் பாய்வது போல வலித்தால் அது நரம்பு வலி. மார்பின் மட்டும் போதாது. அமிட்ரிப்டிலின் 10 மி.கி. இரவில் சேருங்கள். ஃபென்டனில் ஒட்டுப்பட்டை பற்றி யாராவது சொல்வார்கள். மார்பின் அளவு நிலைப்பட்ட பிறகுதான் அது சரிவரும். ஒட்டி முழு வேலை செய்ய 12 முதல் 24 மணி நேரம் ஆகும். காய்ச்சலிலும், நம் ஊர் மே மாத வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே படுத்திருக்கும்போதும் தோல் சூடேறி மருந்து வேகமாக உள்ளே போய்விடும் என்பதையும் மறக்கக் கூடாது.

அவருடைய புண். நாற்றம்தான் அவரைத் தனிமைப்படுத்தியிருக்கும். பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடாமல் இருப்பார்கள், அவரும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு சுவர் பக்கம் திரும்பியிருப்பார். மெட்ரோனிடசோல் 400 மி.கி. மாத்திரையை மாவாகப் பொடித்து, கழுவிய புண்ணில் தினம் தூவினால் மூன்று நாலு நாளிலேயே நாற்றம் குறையும். கழுவ உப்புநீர்: அரை லிட்டர் தண்ணீருக்கு தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு, கொதிக்கவைத்து ஆற வேண்டும். இங்கே நடக்கும் தவறு, கிணற்றுத் தண்ணீரில் போடுவது. ஏற்கெனவே உவர்ப்பான தண்ணீரில் இன்னொரு தேக்கரண்டி சேர்ந்தால் புண்ணில் தீ வைத்தது போல எரியும். 'உப்புத்தண்ணி ஆகல' என்று கழுவுவதையே விட்டுவிடுவார்கள். குடம் விலைக்கு வாங்கும் குடிதண்ணீரைத்தான் இதற்கு எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து மடித்து, சின்ன டப்பாவில் வைத்து பிரஷர் குக்கரில் அரைமணி நேரம் அவித்தால் கட்டுத்துணி தயார். ஒட்டிய துணியை உரிக்காமல் உப்புநீர் விட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும். ரத்தக்கசிவு பாதி உரிப்பதால்தான் வருகிறது. கசிந்தால் டிரானெக்சாமிக் அமிலம் 500 மி.கி. மாத்திரையைப் பொடித்து வைத்து, பத்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். கருவாடு காயும் தெருக்களில் ஈ எப்போதும் உண்டு. புண்ணில் புழு வைத்துவிட்டால் வீட்டார் கூனிக் குறுகிப் போவார்கள், உங்களிடம் சொல்லக்கூட மாட்டார்கள். நீங்களே கேளுங்கள். டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த பஞ்சைப் புண்ணின் வாயில் பத்து நிமிடம் வைத்தால் புழு வெளியே வரும், இடுக்கியால் எடுக்கலாம். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து செய்ய வேண்டும். பகலிலும் கொசுவலை கட்டச் சொல்லுங்கள்.

கழுத்துப் பெரிய ரத்தக்குழாய் பக்கம் புண் அரித்துக்கொண்டு போகிறது என்றால் ஒரு நாள் அது வெடித்துவிடலாம் என்று மனைவியிடமோ மகனிடமோ ஒருவரிடம் மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். கருப்பு அல்லது அடர்சிவப்புத் துண்டுகள் இரண்டு மூன்று கட்டிலுக்கடியில் இருக்கட்டும். வெள்ளைத் துண்டில் தெரியும் ரத்தம் பார்ப்பவர்களை வாழ்நாளெல்லாம் விடாது. அந்த நேரத்தில் செய்யக்கூடியது துண்டால் அழுத்திக்கொண்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான். நீங்களோ செவிலியரோ அருகில் இருந்தால், பதற்றம் தணித்துத் தூங்கவைக்கும் மிடாசோலம் 5 மி.கி. தசையில் போடலாம்.

கரிமூட்டக்காரருக்கு வருவோம். அவர் கேட்பது ஆக்சிஜன். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் வாங்கக் கடன் எடுக்கும் முன் விரலில் ஆக்சிஜன் மீட்டரை வைத்துப் பாருங்கள். அளவு 88 முதல் 92க்குள் இருந்தால் ஆக்சிஜன் கூட்டுவதால் மூச்சிரைப்பு குறையாது. சிலருக்குக் கரியமில வாயு தேங்கி மயக்கம்தான் வரும். கான்சன்ட்ரேட்டர் மின்சாரத்தில் ஓடுவது. ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவாகி கரண்ட் போனால் அது வெறும் பெட்டி; மாற்று சிலிண்டர் எங்கே கிடைக்கும் என்று பார்த்து வைக்காமல் அதை நம்பக் கூடாது. அவருக்கு உதவக்கூடிய மலிவான கருவி பனையோலை விசிறி. முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்து, மூக்குக்கும் மேலுதட்டுக்கும் காற்று படும்படி விசிறினால் முகத்து நரம்பு வழியாக மூளைக்குப் போகும் சேதி மூச்சுத் திணறல் உணர்வைக் குறைக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, மடியில் இரண்டு தலையணை வைத்து முன்சாய்ந்து முழங்கையை ஊன்றட்டும். கடல் பக்கத்துச் சன்னலைத் திறந்து வையுங்கள். சுற்றி நிற்கும் பத்துப் பேரை வெளியே அனுப்புங்கள். நெபுலைசர் தொடரட்டும். இவ்வளவுக்கும் பிறகு உட்கார்ந்திருக்கும்போதே மூச்சிரைத்தால் மார்பின் 2.5 மி.கி., கால் மாத்திரை, நாளுக்கு இரண்டு முறையில் தொடங்கி நாலு முறை வரை. திடீர்ப் பதற்றத்துக்கு லோராசெபம் 0.5 மி.கி. நாக்குக்கடியில், மார்பினையும் அதையும் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டாம்.

எப்போது பேசுவது, யாரிடம் பேசுவது என்பதைத்தான் நம்மில் பலர் தள்ளிப்போடுகிறோம். இங்கிலாந்தின் பொது மருத்துவர்களிடையே 2000இல் தொடங்கிய கோல்டு ஸ்டாண்டர்ட்ஸ் ஃபிரேம்வொர்க் முறையில் மருத்துவர் தன்னையே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வி உண்டு: 'இவர் அடுத்த ஒரு வருடத்துக்குள் இறந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்குமா?' இராது என்று மனதில் பட்டால் அவர் பெயர் ஒரு நோட்டில் ஏற வேண்டும். புற்றுநோய்க்காரர்களை எழுதிவிடுவீர்கள், இதயம் வீங்கியவர், பக்கவாதத்தில் படுத்தவர், வருடத்தில் மூன்று முறை நெபுலைசருக்கு வந்தவர் விட்டுப்போவார்கள். வாரம் ஒருநாள் இருபது நிமிடம் அந்த நோட்டோடு உட்காருங்கள். பெயருக்கு எதிரே வருடமா, மாதமா, வாரமா, நாளா என்று எழுதுங்கள். 'மாதம்' என்பது 'வாரம்' ஆகும்போது குடும்பத்தைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

'அவுககிட்ட மட்டும் சொல்லிடாதீக டாக்டர்' என்று மகன் வாசலிலேயே மறிப்பார். சண்டை போட வேண்டாம், அன்பினால்தான் மறிக்கிறார். 'நானா எதையும் சொல்லல. அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன், சரியா?' என்று ஒப்புதல் வாங்கிக்கொண்டு உள்ளே போய், 'உங்க உடம்பைப் பத்தி நீங்க என்ன நினைக்கிறீங்க?' என்று கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். பெரும்பாலும் அவருக்குத் தெரிந்திருக்கும். படகுக் கடன், மகள் கல்யாணம், யாரைப் பார்க்க ஆசை, எங்கே இருக்க ஆசை, இதெல்லாம் அப்போதுதான் வெளியே வரும். துபாயிலோ மலேசியாவிலோ மகன் இருந்தால் லீவும் டிக்கெட்டும் கிடைக்கப் பத்து நாளாவது வேண்டும். 'சீரியஸ்' என்ற சொல்லை வைத்து அவன் எதையும் முடிவு செய்ய முடியாது. 'மாசக்கணக்கு இல்ல, வாரக்கணக்குதான். வர்றதா இருந்தா இப்ப வாங்க' என்று நீங்களே போனில் சொல்லுங்கள். வீட்டில் எல்லாரும் கூடிப் பேச, ஆண்கள் கடலுக்குப் போகாத நாளாகப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம் என்றால் தோதாக இருக்கும். கடலுக்குப் போய்விட்டால் இரவில் புரட்டிப் படுக்கவைப்பது பெண்கள்தான். ஆகவே அவர்களுக்கே சொல்லிக்கொடுங்கள்: இரண்டாக மடித்த வேட்டியை இடுப்புக்கடியில் விரித்து, இருவர் இருபுறமும் பிடித்து, இரண்டு மணிக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். தொய்ந்த நைலான் கட்டில் புட்டத்தில் அழுத்தும். விரிப்பில் ஒட்டிய மணல் தோலைத் தேய்க்கும். கடற்கரை வீட்டில் படுக்கைப்புண் பாதி மணலில்தான் தொடங்குகிறது, ஒவ்வொரு முறையும் விரிப்பை உதற வேண்டும்.

இரவு அழைப்புக்கு வருகிறேன். கடைசி மூன்று நாளில் வரக்கூடியவை ஐந்துதான்: வலி, மூச்சிரைப்பு, தொண்டைக் கபம், மனக்குழப்பத்தோடு கைகால் அலைச்சல், குமட்டல். வலி தவிர மற்ற நாலுக்கும் மருந்தை ஒரு டிபன் டப்பாவில் முன்பே போட்டு, வீட்டில் குளிர்ச்சியான இடத்தில் வைக்க முடியும். ஹாலோபெரிடால் 5 மி.கி. ஆம்பூல் இரண்டு, மிடாசோலம் ஒரு குப்பி, ஹயோசின் பியூட்டைல்புரோமைடு 20 மி.கி. நாலு, மெட்டோகுளோபிரமைடு இரண்டு, 24ஆம் எண் பட்டர்ஃப்ளை இரண்டு, 2 மில்லி சிரிஞ்சு, பிளாஸ்டர், கையுறை. மாத்திரை விழுங்க முடியாமல் போகும் அன்றே பட்டர்ஃப்ளையை மேல்கையிலோ நெஞ்சின் மேற்பகுதியிலோ தோலுக்கடியில் வைத்துவிட்டால் இந்த மருந்துகள் எல்லாம் அதன் வழியே போகும்; மூன்று நாலு நாள் தாங்கும். அலைச்சலுக்கு ஊசி எடுக்கும் முன் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். சிறுநீர் முட்டி நிற்பதுதான் பல நேரம் காரணம், குழாய் போட்டால் அமைதியாகிவிடுவார். அப்படி இல்லையென்றால் ஹாலோபெரிடால் 0.5 முதல் 1 மி.கி. அதற்கும் அடங்காவிட்டால் மிடாசோலம் 2.5 மி.கி., மெலிந்த முதியவருக்கு அதில் பாதி.

கபச் சத்தம் கேட்பவர்களைத்தான் அதிகம் வதைக்கிறது. நினைவிழந்தவருக்கு அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஹயோசின் 20 மி.கி. சத்தம் தொடங்கியதுமே போட வேண்டும். இருக்கும் கபத்தை அது உலர்த்தாது, இனி ஊறுவதைத்தான் குறைக்கும். சக்‌ஷன் குழாயைத் தொண்டைக்குள் விடுவது அவருக்கு வேதனை, கபமும் மறுபடி ஊறும்.

இதெல்லாம் நீங்கள் ஒருவரே ஓடிச் செய்ய முடியாது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வட்டாரத்துக்கு ஒரு நோய் ஆதரவு சிகிச்சைச் செவிலியர் உண்டு. உங்கள் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவர் போன் எண்ணை வாங்கி, மூவர் பெயரையும் இந்த வாரமே கொடுங்கள். சிறுநீர்க் குழாய், கட்டுப் போடுதல் அவர் பக்கம், மருந்தளவு உங்கள் பக்கம் என்று பிரித்துக்கொள்ளலாம். 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம் வளர்ந்ததும் அக்கம்பக்கத்தார் உதவியால்தான்; உங்கள் ஊர் ஜமாத்திலும் சர்ச் இளைஞர்களிலும் மீனவர் சங்கத்திலும் நாலு பேர் கிடைக்காமல் போக மாட்டார்கள்.

என்னென்ன வரும் என்று வீட்டாருக்கு வரிசையாகச் சொல்லுங்கள்: தூக்கம் கூடும், தண்ணீரும் இறங்காது, கைகால் சில்லிட்டுத் திட்டுத்திட்டாக நீலம் பாயும், மூச்சு நின்று நின்று வரும், தாடை அசைந்து மூச்சு விடுவார். 'இப்படி இழுக்கும்போது 108ஐக் கூப்பிடணும்னு தோணும். அப்ப எனக்கு ஒரு போன் போடுங்க.' 108 ஊழியர்களின் வேலை உயிரைக் காப்பாற்றப் பார்ப்பது; அவர்கள் ஏற்றிக்கொண்டு ஓடத்தான் செய்வார்கள். ஆஸ்பத்திரி வாசலில் 'இறந்தே கொண்டுவரப்பட்டவர்' என்று பதிவானால் காவல்துறைக்குத் தகவல் போகும், சில சமயம் பிரேதப் பரிசோதனை வரை நீளும். அன்றே அடக்கம் செய்ய வேண்டிய வீட்டில் இது எவ்வளவு பெரிய துயரம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாற்றாக, நோயின் பெயர், மதுரை டிஸ்சார்ஜ் சம்மரி நகல், குடும்பம் எடுத்த முடிவு, தரும் மருந்துகள், உங்கள் எண் எல்லாம் எழுதிய ஒரு கடிதத்தை கட்டிலருகே ஆணியில் மாட்டி வையுங்கள். வெண்டிலேட்டர் வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்க விரும்பினால், உச்ச நீதிமன்றத்தின் 2018 தீர்ப்பும் 2023இல் அதை எளிதாக்கிய உத்தரவும் வழி தருகின்றன: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி கையெழுத்து போதும்.

கடைசி நேரச் சடங்குகளுக்கு இடம் விடுங்கள். கட்டில் கிப்லாவை நோக்கித் திரும்ப வேண்டுமா, யாசீன் ஓதுவார்களா, பாதிரியார் நோயில்பூசுதலுக்கு எப்போது வருவார், ராமேஸ்வரத்துத் தீர்த்தம் வீட்டில் இருக்கிறதா என்று முன்பே கேட்டு வைத்தால் ஊசி போடும் நேரத்தை அதற்கேற்ப வைக்கலாம். பால் ஊற்றுவதைத் தடுக்காதீர்கள். சங்கில் ஊற்றினால் மூச்சுக்குழலில் இறங்கிப் புரையேறும். பஞ்சில் நனைத்து உதட்டில் இரண்டு சொட்டு வைக்கச் சொல்லுங்கள்.

இறந்ததும் நீங்கள் போய்ப் பார்த்து, படிவம் 4ஏ-வில் சான்று கொடுங்கள். அதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது. காரணம் என்ற இடத்தில் 'இதயமும் மூச்சும் நின்றது' என்று எழுதாதீர்கள், அது எல்லாருக்கும் பொது. மேல் வரியில் உடனடிக் காரணம், கீழ் வரியில் மூல நோய்: 'கன்னப் புற்றுநோய்', 'முற்றிய நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு'. கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் 21 நாளுக்குள் பதிய வேண்டும். காயமோ சந்தேகமோ இருந்தால் கையெழுத்திடாமல் காவல்துறைக்குச் சொல்லிவிடுங்கள்.

மிச்சமிருக்கும் மார்பின் மாத்திரைகளை எண்ணி, அவை வாங்கிய இடத்துக்கே குடும்பம் திருப்பிக் கொடுக்கட்டும், கடிதம் நீங்கள் எழுதிக்கொடுங்கள். விசேஷம் முடிந்து சொந்தபந்தம் கலைந்த பிறகு ஒருநாள் அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். இத்தனை நாள் தூங்காமல் பார்த்துக்கொண்ட அந்த அம்மாளின் பிரஷரை அன்றைக்காவது யாராவது பார்க்க வேண்டும். அப்படியே நோட்டில் நாலு வரி: எங்கே இறக்க விரும்பினார், எங்கே இறந்தார், கடைசி மூன்று நாள் வலி எப்படி இருந்தது, டப்பாவில் எந்த மருந்து தேவைப்பட்டும் இல்லாமல் போனது. அடுத்தவருக்கு டப்பா கட்டும்போது அந்த நாலாவது வரியைத்தான் முதலில் பார்ப்பீர்கள்.